சொன்ன பெயர்களும் சொல்லாத பெயரும்

மனசாட்சியின் புத்தகங்கள் – 6

1845 மே மாதம், பாஸ்டன் நகரின் கார்ன்ஹில் தெருவில் இயங்கிய அடிமை ஒழிப்புச் சங்க அலுவலகம் ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டது. விலை 50 சென்ட். எழுதியவர் ஃபிரடெரிக் டக்ளஸ், வயது 27. முகப்பில் பெயருக்குப் பக்கத்தில் 'ஓர் அமெரிக்க அடிமை' என்றும், கீழே 'அவரே எழுதியது' என்றும் அச்சிட்டிருந்தார்கள். அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதையே குற்றமாக்கிய மாநிலங்கள் இருந்த நாட்டில், இரண்டாவது வரி முதல் வரியைவிடப் பெரிய கலகம்.

சென்ற வாரம் பார்த்த தோரோ, வரி கட்ட மறுத்து 1846 ஜூலையில் ஓர் இரவு சிறையில் இருந்தார். யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் வெளியே வந்தார். தான் யார், எந்த ஊர் என்பதை அச்சில் போடத் தோரோ அஞ்ச வேண்டியதில்லை. டக்ளஸின் நிலை வேறு. அவருடைய இயற்பெயர் ஃபிரடெரிக் பெய்லி. 1838இல் பால்டிமோரிலிருந்து தப்பி வந்து மாசசூசெட்ஸில் குடியேறி, பெயரையும் மாற்றிக்கொண்டவர். சட்டத்தின் கண்ணில் அவர் அப்போதும் மேரிலாந்துக்காரர் ஒருவரின் சொத்து. பழைய பெயரையும் எஜமானின் பெயரையும் வெளியில் சொன்னால் ஆள்பிடிப்பவர்களுக்குத் தானே விலாசம் எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

இருந்தும் எழுதினார். 1841 ஆகஸ்டில் நாண்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் பேசி எல்லோர் கவனத்தையும் ஈர்த்ததிலிருந்து, ஊர் ஊராக மேடையேறிக்கொண்டிருந்தார். பேச்சு நன்றாக இருந்ததுதான் வம்பாகப் போயிற்று. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவன் இப்படிப் பேசுவானா, இவன் அடிமையாக இருந்தவன்தானா என்று கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. உடன் வந்த வெள்ளைக்காரத் தோழர்கள் சிலர், நடந்ததை மட்டும் நீ சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பேச்சில் கொஞ்சம் பண்ணையாள் வாடை அடித்தால் நல்லது என்றும் யோசனை சொன்னார்கள். 1855இல் எழுதிய இரண்டாவது சுயசரிதையில் டக்ளஸ் இதை மறக்காமல் பதிவு செய்திருக்கிறார்.

சந்தேகத்தை அடக்க அவருக்கு ஒரு வழிதான் இருந்தது: ஊர், மாவட்டம், எஜமான், கங்காணி என்று எல்லாப் பெயரையும் சொல்லிவிடுவது. நண்பர் வெண்டல் பிலிப்ஸ், சில ஆண்டுகளுக்கு முன் டக்ளஸ் தன் இயற்பெயரைச் சொல்ல வாயெடுத்தபோதே தடுத்து நிறுத்தியவர். தனக்குத் தெரியாமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு என்று நினைத்தவர். இப்போது முழுக் கதையையும் கேட்டுவிட்டு, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதை நெருப்பில் போட்டிருப்பேன் என்று எழுதினார். அந்தக் கடிதமும் புத்தகத்தின் முன்பக்கங்களில் இருக்கிறது.

பத்திரம் எழுதுபவர் நான்கெல்லையும் குறிப்பதுபோல டக்ளஸ் எழுதிக்கொண்டு போகிறார். மேரிலாந்து மாநிலம், டால்பட் மாவட்டம், கர்னல் லாய்டின் பண்ணை. டெம்பி என்ற அடிமையைச் சுட்டுக் கொன்ற கங்காணியின் பெயர் ஆஸ்டின் கோர். அந்தக் கொலைக்கு விசாரணையே நடக்கவில்லை. கண்ட சாட்சிகளில் வெள்ளையர் இல்லை. அடிமைகள் சாட்சி சொல்லச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நீதிமன்றத்தில் ஏற முடியாத அந்தச் சாட்சியங்கள் எல்லாம் 125 பக்கப் புத்தகத்தில் ஏறின.

கொடுமைகளைச் சொன்ன புத்தகங்கள் அதற்கு முன்பும் உண்டு. இதில் வாசகர்களை உலுக்கியது வேறொரு விஷயம். எஜமானர்களின் பக்தியை டக்ளஸ் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியிருந்தார்.

தாமஸ் ஆல்ட் என்பவர் அவருடைய எஜமான். 1833 ஆகஸ்டில் கடலோரப் பகுதியில் மெதடிஸ்ட் சபையார் எழுப்புதல் கூட்டம் நடத்தினார்கள். பிரசங்க மேடைக்கு முன்னால் வெள்ளையர்களுக்கு இடம். மேடைக்குப் பின்னால் கறுப்பர்களுக்கு. மனந்திரும்புகிறவர்கள் வந்து மண்டியிட, மேடை முன் வைக்கோல் பரப்பிய தனி அடைப்பு. அதற்குள் கறுப்பர் போகக் கூடாது. பதினைந்து வயதுப் பையனான டக்ளஸ் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஓரிடம் பிடித்து நின்று, ஆல்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருக்கிறது, தலைமுடி கலைந்திருக்கிறது, முனகுகிறார், கன்னத்தில் ஒற்றைக் கண்ணீர்த் துளி. மனிதர் ரட்சிக்கப்பட்டுவிட்டார். பையனுக்கு இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. ஒன்று, எஜமான் தன் அடிமைகளை விடுதலை செய்வார். அது முடியாவிட்டால், கொஞ்சம் இரக்கமாவது காட்டுவார்.

இரண்டும் நடக்கவில்லை. ஆல்டின் வீடு ஜெப வீடானது. காலையும் மாலையும் பிரார்த்தனை, வந்து போகும் போதகர்களுக்கு விருந்து. டக்ளஸின் உறவுப் பெண் ஹென்னி, சின்ன வயதில் நெருப்பில் விழுந்து கைகள் கருகிப் போனவள். பெரிதாக எந்த வேலையும் செய்ய முடியாதவள். அவளைக் காலையில் கட்டிப்போட்டுச் சவுக்கால் அடிப்பார் ஆல்ட். அப்படியே விட்டுவிட்டுக் கடைக்குப் போவார். மதியம் திரும்பி வந்து, ஆறாத அதே காயத்தின் மேல் மறுபடி அடிப்பார். அடிக்கும்போது லூக்கா சுவிசேஷத்திலிருந்து, எஜமானின் சித்தம் அறிந்தும் செய்யாத ஊழியக்காரனைப் பற்றிய வசனத்தைச் சொல்வார். மனந்திரும்புவதற்கு முன் அவர் வெறும் கல்நெஞ்சர். பிறகு அந்தக் கல்நெஞ்சுக்கு வேத ஆதாரமும் கிடைத்துவிட்டது. டக்ளஸ் வைக்கும் குற்றச்சாட்டின் சாரம் இதுதான்.

அதே ஊரில் வில்சன் என்ற வெள்ளை இளைஞர், அடிமைகளுக்குப் புதிய ஏற்பாட்டை வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஞாயிறு பள்ளி ஆரம்பித்தார். டக்ளஸும் சேர்ந்துகொண்டார். மூன்றே முறைதான் கூடினார்கள். ஆல்டின் சபையிலேயே பொறுப்பில் இருந்தவர்கள் தடிகளோடு வந்து விரட்டியடித்தார்கள். அடிமைகள் ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டு மல்யுத்தம் போட்டால் எஜமானர்களுக்கு ஆட்சேபணை இல்லை. பைபிளைத் திறந்தால் பொறுக்கவில்லை. வாசிக்கத் தெரிந்தவன் எதை எடுத்து வாசிப்பான் என்று அவர்களுக்குத் தெரியும். டக்ளஸே பன்னிரண்டு வயதில் 50 சென்ட் கொடுத்து 'தி கொலம்பியன் ஆரேட்டர்' என்ற பேச்சுத் தொகுப்பை வாங்கி, அதில் ஓர் அடிமை தன் எஜமானோடு வாதாடி விடுதலை பெறும் உரையாடலைத் திரும்பத் திரும்பப் படித்தவர்.

படித்த அடிமையின் முதுகெலும்பை உடைக்க, 1834 ஜனவரியில் ஆல்ட் அவரை எட்வர்ட் கோவியிடம் ஓராண்டுக்கு அனுப்பினார். கோவி குத்தகை நிலக்காரர். முரண்டு பிடிக்கும் அடிமைகளைப் பணியவைப்பதில் பேர் எடுத்தவர். அந்தப் பேராலேயே அவருக்குக் கூலியில்லாமல் ஆட்கள் கிடைத்தார்கள். அவரும் சபையில் பொறுப்பில் இருந்தவர்தான். சொந்தமாக வாங்க முடிந்தது கரோலின் என்ற ஒரே ஒரு அடிமைப் பெண்ணைத்தான். பிள்ளை பெறுவதற்காகவே வாங்கினார். பக்கத்துப் பண்ணையிலிருந்து, கல்யாணமான ஓர் ஆளை ஓராண்டு வாடகைக்குப் பிடித்து, ஒவ்வோர் இரவும் அவளோடு அடைத்து வைத்தார். வருடக் கடைசியில் இரட்டைப் பிள்ளைகள். கோவி தம்பதிக்கு ஆனந்தம் தாங்கவில்லை, சொத்து பெருகியிருக்கிறதே.

இந்த வீட்டிலும் காலை மாலை குடும்ப ஜெபம் தவறாது. கோவிக்குப் பாட வராது. ஞானப்பாட்டை எடுத்துக் கொடுக்கும் வேலை டக்ளஸின் தலையில் விழுந்தது. கோவி பாட்டின் பெயரைச் சொல்லித் தலையசைப்பார். டக்ளஸ் சில நாள் எடுத்துக் கொடுப்பார். சில நாள் வாயே திறக்கமாட்டார். கோவி தானே ஆரம்பித்துச் சுருதி எங்கோ, பாட்டு எங்கோ என்று தள்ளாடிக்கொண்டு போவார். ஓர் அடிமையிடமிருந்து உழைப்பையும் ரத்தத்தையும் பிடுங்கிக்கொண்ட மனிதருக்கு, கடவுள் முன்னால் நிற்க அவன் குரலும் வேண்டியிருந்தது. பதினாறு வயதில் டக்ளஸ் மறுக்கக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். முதலில் அதை மறுத்தார். அந்த ஆகஸ்டில், கட்டிவைத்து அடிக்க வந்த கோவியின் தொண்டையைப் பிடித்தார். ஏறக்குறைய இரண்டு மணி நேரச் சண்டை. அதன் பிறகு மிச்சமிருந்த மாதங்களில் கோவி அவர்மேல் ஒருமுறைகூடச் சவுக்கை ஓங்கவில்லை.

மறு ஆண்டு வில்லியம் ஃப்ரீலேண்ட் என்பவரிடம் போனார். அவர் பக்திமான் என்று சொல்லிக்கொள்ளாதவர். தனக்குத் தானே எஜமானாகும் வரை தனக்கு வாய்த்த எஜமானர்களில் அவரே மேல் என்று டக்ளஸ் எழுதுகிறார். அந்த ஆண்டில்தான் அவர் ரகசியமாக ஒரு ஞாயிறு பள்ளி நடத்தினார். ஒரு கட்டத்தில் நாற்பது பேருக்கு மேல், பல வயதுக்காரர்கள் வந்து படித்தார்கள். பிடிபட்டால் முப்பத்தொன்பது கசையடி என்று தெரிந்தே வந்தார்கள். பள்ளி நடந்தது சுதந்திரம் பெற்ற ஒரு கறுப்பரின் வீட்டில்.

அந்த மனிதரின் பெயர் புத்தகத்தில் இல்லை. பத்தாண்டு ஆகியும், பெயர் வெளியே தெரிந்தால் அவருக்குத் தொல்லை வரும் என்பதால் சொல்லவில்லை என்கிறார் டக்ளஸ். தான் தப்பிய வழியையும் மறைத்தார். அடிமைகளைக் கடத்தி உதவும் ரகசியப் பாதைகளைப் பற்றி மேடையில் பெருமை பேசியவர்களைக் கண்டித்தார். அதைக் கேட்டு எச்சரிக்கையாவது எஜமானர்கள்தானே. மாலுமி வேடத்தில், இன்னொருவரின் ஆவணத்தைக் காட்டி ரயிலில் வந்த கதையை 1881இல்தான், அடிமை முறை ஒழிந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, முழுசாக எழுதினார். ஆக, தன் பெயரைச் சொன்னார், தனக்கு ஆபத்து என்று தெரிந்தே. சவுக்கெடுத்தவர்களின் பெயரைச் சொன்னார். அடைக்கலம் கொடுத்தவரின் பெயரைச் சொல்லவில்லை. இந்தப் புத்தகத்தில் மனசாட்சி எங்கே இருக்கிறது என்று கேட்டால், எனக்கு இந்தத் தேர்வில்தான் தெரிகிறது. உண்மை பேசுவது என்றால் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுவது என்று அவர் நினைக்கவில்லை. சொன்னால் யார் தலையில் விடியும் என்று ஒவ்வொரு பெயருக்கும் கணக்குப் பார்த்தார். தன் தலையில் என்றால் சொன்னார்.

எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோது, தன்னை மத விரோதி என்று நினைத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. பின்னிணைப்பு ஒன்றைச் சேர்த்தார். பின்வாங்குவதற்கான விளக்கம் அல்ல அது. புத்தகத்திலேயே காரமான பகுதி அதுதான். கிறிஸ்துவின் மதம் வேறு, இந்த நாட்டு எஜமானர்களின் மதம் வேறு. முதலாவதை நேசிப்பதால்தான் இரண்டாவதை வெறுக்கிறேன் என்று வாதிட்டார். வாரமெல்லாம் என் கூலியைப் பறிப்பவர் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரட்சிப்பின் வழி சொல்கிறார், பைபிள் வாசிப்பது கடமை என்று போதிப்பவர் எனக்கு எழுத்தைத் தடுக்கிறார் என்று அடுக்கினார். மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் இயேசு பரிசேயரைக் கண்டித்ததை எடுத்து அப்படியே இவர்கள் மேல் வைத்தார். நம்பிக்கையற்றவர் எழுதும் எழுத்தல்ல இது. நியூ பெட்ஃபோர்ட் நகரில் கறுப்பர்களின் சீயோன் மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்தவர் அவர். அங்கே முதலில் சேர்ந்த வெள்ளையர் சபையில், வெள்ளையர் எல்லோருக்கும் நற்கருணை கொடுத்து முடித்த பிறகு, கடவுள் பட்சபாதமில்லாதவர் என்று சொல்லிக் கறுப்பர்களைக் கூப்பிட்டதைப் பார்த்து வெளியேறியவர். வடக்கும் அவர் கணக்கிலிருந்து தப்பவில்லை.

நான்கு மாதத்தில் 5,000 பிரதிகள் விற்றன. மேரிலாந்துப் பகுதியில் வாழ்ந்திருந்த ஏ.சி.சி. தாம்சன் என்பவர் பத்திரிகையில் மறுப்பு எழுதினார்: ஃபிரடெரிக் பெய்லியை எனக்குத் தெரியும், அவன் படிக்காத சாதாரண ஆள், இதை அவன் எழுதியிருக்க முடியாது, ஆல்டும் கோவியும் கண்ணியமானவர்கள். டக்ளஸுக்கு இதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்ய முடியாது. தான் அடிமையாக இருந்ததற்கு எதிர்த்தரப்பே சாட்சி சொல்லிவிட்டதே! ஸ்காட்லாந்திலிருந்து அவருக்கு நன்றி சொல்லிப் பதில் எழுதினார்.

ஸ்காட்லாந்துக்குப் போகக் காரணமும் புத்தகம்தான். ஆள்பிடிப்பவர்களுக்கு அஞ்சி 1845 ஆகஸ்டில் கப்பலேறினார். அங்கும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க அடிமை எஜமானர்களிடமிருந்தும் நன்கொடை வாங்கியிருந்த ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையைப் பார்த்து, பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஊர் ஊராக முழங்கினார். சபை கொடுக்கவில்லை. இங்கிலாந்து நண்பர்கள் 150 பவுண்டு திரட்டி, 1846 டிசம்பரில் சட்டப்படி அவரை விடுவித்தார்கள்.

புத்தகம் வெளிவந்த அதே 1845 மே மாதத்தில் இன்னும் இரண்டு சம்பவங்கள் நடந்தன. தெற்கு மாநில மெதடிஸ்டுகள் லூயிவில் நகரில் கூடித் தனிச் சபை அமைத்தார்கள். தெற்கு பாப்டிஸ்டுகள் அகஸ்டா நகரில் கூடித் தனி அமைப்பு தொடங்கினார்கள். இரண்டு பிளவுக்கும் மூலகாரணம், அடிமை வைத்திருப்பவர் பிஷப்பாக இருக்கலாமா, மிஷனரியாகப் போகலாமா என்ற தகராறு. தெற்கு பாப்டிஸ்ட் அமைப்பு, அடிமை முறையை ஆதரித்ததற்காக 1995இல் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது. 27 வயது இளைஞர் ஒருவர் பின்னிணைப்பில் எழுதிவிட்டதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு 150 ஆண்டுகள் பிடித்தன.

புத்தகம் சிறியது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். பின்னிணைப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

(அடுத்த வாரம்: பாட்டியின் வீட்டுப் பரணில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்து, 1861இல் புனைபெயரில் தன் கதையை வெளியிட்ட ஹாரியட் ஜேகப்ஸ்.)