கழிவுத் துணிக்கு மவுசு. பிரித்தவர் பெயர் எங்கே?

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு ‘கட்டிங் வேஸ்ட்’ என்றால் விளக்கம் தேவையில்லை. வெட்டும் மேசையிலிருந்து விழும் துண்டுகளை வெள்ளை, கலர் என்று பிரித்து மூட்டை கட்டுவார்கள். அது ஓ.இ. மில்லுக்குப் போய், பஞ்சாகி, மறுபடியும் நூலாகும். பிரிப்பவருக்கு மிஞ்சுவது தூசியும் தினக்கூலியும்தான். இன்று அதே கழிவில் பையும் சட்டையும் தைத்து, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த ஃபேஷன்’ என்று பெருநகரங்களில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். லேபிளில் இருப்பது டிசைனர் பெயர் மட்டுமே.

இதை மாற்றிக் காட்டிய முயற்சி ஒன்று மும்பையில் நடக்கிறது. துணியில் அல்ல, ரப்பரில். 2015 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு காளை, எருதுகளை வெட்டவும் தடை விதித்தது. தாராவியில் தோல் தைத்துப் பிழைத்த தலித், முஸ்லிம் தொழிலாளர்கள் பலர் வேலை இழந்தார்கள். ஓவியர் சுதீர் ராஜ்பர் அவர்களோடு சேர்ந்து, மறுசுழற்சி செய்த ரப்பரைத் தோலைப் போலவே வெட்டித் தைத்துப் பைகள் செய்யத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சமார் ஸ்டுடியோ’. வட இந்தியாவில் வசைச்சொல்லாக வீசப்படும் சாதிப் பெயர் அது. இழிவுபடுத்தும் நோக்கில் பொது இடத்தில் அப்படி அழைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று 2008இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதே சொல் இப்போது விலை உயர்ந்த பையின் மேல் முத்திரையாக இருக்கிறது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி வடிவமைப்புக் கண்காட்சியில் இவர்களின் ரப்பர் நாற்காலிகள் இடம்பெற்றன. பாடகி ரிஹானா அதில் அமர்ந்த படம் உலகம் சுற்றியது.

பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லிலும் ஒரு முன்மாதிரி உண்டு. சுனாமிக்குப் பின் 2005இல் ‘உபாசனா’ நிறுவனம், மீனவப் பெண்களைக் கொண்டு வெட்டுத் துணியில் ‘சுனாமிகா’ பொம்மைகள் செய்ய வைத்தது. பொம்மை விற்பனைக்கு அல்ல, அன்பளிப்பாக. செய்தவர்களுக்கு ஊதியம் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் கைவேலை செய்பவரே வடிவமைப்பாளராக உயரும் வழி அதில் இல்லை.

அந்த வழி படிப்பில் இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் ‘நிஃப்ட்’ நிறுவனத்தில் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு, பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பட்டியல் சாதி மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வுக் கேள்வித்தாள் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதலில் முட்டிக்கொள்வது அங்கேதான்.