எடை குறையவில்லை, தசை ஏன் கரைகிறது?

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரின் எடை அப்படியே இருக்கும்போதும் தசை கரையலாம். நோய் கிளப்பும் அழற்சி தசைப் புரதத்தைச் சிதைக்கிறது, குமட்டலால் சாப்பாடு இறங்குவதில்லை, நடமாட்டமும் நின்றுபோகிறது. கொழுப்போ நீரோ அந்த எடையை ஈடுகட்டிவிடுவதால் இழப்பு வெளியே தெரியாது.

பல கீமோ மருந்துகளின் அளவை, உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் பரப்பளவே தீர்மானிக்கிறது. அந்தப் பரப்பளவைக் கணக்கிட 1916-இல் வந்த டுபாய்ஸ் சூத்திரம் இன்றும் புழக்கத்தில் உண்டு. அதற்குத் தசை, கொழுப்பு வேறுபாடு தெரியாது. ஆகவே தசை குறைந்தவருக்கு அதே டோஸ் கடும் பக்கவிளைவு தரலாம், சிகிச்சையே தடைபடலாம். பருமனானவர்களிலும் தசை குறைந்தோரின் ஆயுள் குறைவதை 2008-இல் கனடா ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அளப்பது எப்படி? ஏற்கெனவே எடுத்த வயிற்று சிடி ஸ்கேனிலேயே, மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தசைப் பரப்பை அளக்கலாம். கையிலிருக்கும் படத்தை இதற்குப் பயன்படுத்தாமல் விடுவது வருத்தமாக இருக்கிறது. தசையைக் காக்க நோயாளிக்குக் கஞ்சி மட்டும் போதாது. மருத்துவர் அனுமதித்தால் முட்டையும் மீனும் பருப்பும், கூடவே சிறிது தசைப் பயிற்சியும் வேண்டும்.