எண்ணெய்க் கிணற்றுக் கழிவுநீர் ஓடையில் கலந்தால் நுண்ணுயிர்கள் என்னவாகும்?

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளில் எரிபொருளுடன் மேலே வரும் கழிவுநீர், பல இடங்களில் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு மிகுந்தது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாகாணத்தில் 2014 ஆகஸ்ட் முதல் 2015 ஜனவரி வரை குழாய் ஒன்றிலிருந்து சுமார் 11 கோடி லிட்டர் கழிவுநீர் கசிந்தது. பிளாக்டெயில் ஓடையும் மாசடைந்தது.

உப்பு மிகும்போது நன்னீர் பாக்டீரியாக்களின் செல்களிலிருந்து நீர் வெளியேறுகிறது. அவை செயலிழக்கின்றன அல்லது மடிகின்றன. உப்பைத் தாங்கும் இனங்கள் அவ்விடத்தில் பெருகுகின்றன.

ஓடையில் விழும் இலைகளை மக்கச் செய்வதும், நைட்ரஜன் சுழற்சியை நடத்துவதும் நுண்ணுயிர்களே. அவற்றைச் சிறு பூச்சிகளும், பூச்சிகளை மீன்களும் உண்கின்றன. எனவே நீர் தெளிவாகத் தோன்றினாலும், நுண்ணுயிர்ச் சமநிலை குலைந்தால் உணவுச் சங்கிலியே பாதிக்கப்படக்கூடும். கழிவுநீரிலுள்ள ரேடியம் வண்டலில் படிந்து நெடுங்காலம் தங்குவதால், கசிவை அடைப்பதுடன் பாதிப்பு முடிந்துவிடுவதில்லை.