பெட்டிக்கு ஒரு காவலாளி

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: "வீட்டில் 100 ஏ.எச். லித்தியம் பேட்டரி ஒன்று ஓடுகிறது. மருமகன் வேறு கம்பெனியின் 50 ஏ.எச். ஒன்றைச் சும்மா தருகிறேன் என்கிறார். சேர்த்தால் 150 தானே?" கரமனை வாசகி ஒருவருக்குப் பழைய மின்ஸ்கூட்டரின் பேட்டரியைக் கழற்றி இன்வெர்ட்டரோடு இணைக்க ஆசை. மார்த்தாண்டத்துக்காரர் 12 வோல்ட் பெட்டிகள் நான்கை வரிசையாகக் கோத்தே விட்டார். அதில் மூன்று புதிது, ஒன்று பழையது. "ஒன்றும் ஆகாதே?" என்று கோத்த பிறகு கேட்கிறார்.

இந்த அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம். திட்டத்தின் முழுப் பெயரிலேயே இலவச மின்சாரம் இருக்கிறது, பேட்டரிக்கு மட்டும் மானியம் இல்லை. இதற்கிடையே, வெள்ளயம்பலத்தில் இருக்கும் கேரள மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2025இல் ஒரு வரைவை வெளியிட்டது. கூரையில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொடுத்து பில்லில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங்கை 3 கிலோவாட்டோடு நிறுத்தலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் பேட்டரி வையுங்கள் என்ற போக்கில் அது இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது, இறுதி விதிகளில் வரம்பைத் தளர்த்தினார்கள். ஆனால் பேட்டரி என்ற சொல் ஊர் காதில் விழுந்துவிட்டது. மாலை ஆறு முதல் பத்து வரையான பீக் நேரத்தைச் சொந்தச் சேமிப்பில் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், கையில் கிடைத்த பெட்டிகளையெல்லாம் ஒன்றாகக் கட்டப் பார்க்கிறார்கள்.

வோல்ட் என்ன, ஏ.எச். என்ன என்று இங்கே பாடம் எடுக்கப் போவதில்லை. துலாம் மாத இடி மின்னலைப் பார்த்து வளர்ந்த ஊரில் இன்வெர்ட்டர் தெரியாத வீடு ஏது? நான் நிற்க விரும்புவது ஒரே இடத்தில்: "பி.எம்.எஸ். இருக்கு சார், எதோட வேணும்னாலும் சேர்க்கலாம்" என்று கடையில் சொல்கிறார்களே, அந்த வாக்கியத்தில்.

பி.எம்.எஸ். என்பது பெட்டிக்குள் இருக்கும் ஒரு மின்னணுப் பலகை. விளம்பரத்தில் அதற்கு 'அறிவார்ந்த' என்று அடைமொழி உண்டு. அதன் அறிவு பெட்டியின் சுவரோடு முடிந்துவிடும். உள்ளே இருக்கும் செல் ஒவ்வொன்றின் வோல்ட்டையும், சில இடங்களில் சூட்டையும் பார்க்கும், வந்துபோகும் கரண்டை அளக்கும். எல்லை மீறினால் உள்ளிருக்கும் சுவிட்சை அணைத்து இணைப்பைத் துண்டிக்கும். ஃபிளாட்டின் பி பிளாக் காவலாளி பி பிளாக் கேட்டைப் பூட்டுவதைப் போலத்தான். ஏ பிளாக்கில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளச் சம்பளமும் இல்லை.

இப்போது சாலை வாசகரின் இரண்டு பெட்டிகளைப் பக்கவாட்டில், அதாவது பேரலலில், இணைப்போம். இரண்டும் ஒரே எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட், ரசாயனம், இரண்டிலும் 16 செல், இரண்டும் 51.2 வோல்ட். வீட்டில் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் முழு லோடில் ஓடுகிறது. பேட்டரி பக்கம் அது ஏறக்குறைய 106 ஆம்பியர் கேட்கும். இதை யார் எவ்வளவு தூக்குவது? லேபிளில் உள்ள 100, 50 என்ற எண்களைக் கரண்ட் படிப்பதில்லை. உள் தடை எங்கே குறைவோ அங்கிருந்து அதிகமாகக் கிளம்பும். இரண்டும் புதிது என்றால் பெரிய பெட்டியின் தடை சிறியதில் ஏறக்குறைய பாதி இருக்கும். எனவே 71க்கு 35 என்று பங்கு தானாகவே சரியாக விழும். கொள்ளளவு வேறுபட்டால் சேர்க்கவே கூடாது என்று பயமுறுத்துகிறவர்கள் இந்த அழகைப் பார்ப்பதில்லை.

ஆனால் பெரிய பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று வையுங்கள். அதன் உள் தடை 15 மில்லி ஓமிலிருந்து 30 ஆகியிருக்கிறது. மருமகன் தந்த சிறிய பெட்டி புதிது, அதன் தடையும் 30. இனி பங்கு ஆளுக்குப் பாதி, 53 ஆம்பியர். சிறிய பெட்டியின் காவலாளிக்குக் கொடுத்திருக்கும் வரம்பு 50. சில வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டைச் சாத்துகிறார். அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். அந்தக் கணத்தில் 106 ஆம்பியரும் மொத்தமாகக் கிழப் பெட்டியின் தலையில் விழுகிறது. அதன் வரம்பு 100. இரண்டாவது கேட்டும் சாத்தப்படுகிறது. இரண்டு பெட்டியிலும் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்க, வீடு இருட்டில்.

இதோடு முடியவில்லை. சிறிது நேரம் கழித்துப் பல பி.எம்.எஸ்.கள் தாமாகவே கேட்டைத் திறந்து பார்க்கும். இரண்டும் ஒரே நொடியில் திறப்பதில்லை. முதலில் திறக்கிற பெட்டி, இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்கள் உறிஞ்சும் முதல் அடியையும் முழு லோடையும் தனியே வாங்கி மறுபடி சாத்திக்கொள்ளும். வெளியே நிற்பவருக்கு இது இன்வெர்ட்டர் கோளாறு போலவே தெரியும். இப்படி ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் போர்டை இரண்டு முறை மாற்றிய பிறகு ஒருவர் கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு பெட்டியின் கேபிளிலும் தனித்தனியாக மாட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். மூன்று நிமிட வேலை.

கேட்லாக்கில் '15 வரை இணைக்கலாம்' என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். அது அதே கம்பெனியின் அதே மாடல் பதினைந்து. அவை தகவல் கேபிளில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, ஒருவர் விலகினால் லோடைக் குறைக்கச் சொல்லி இன்வெர்ட்டருக்குத் தெரிவிக்கும். பிராண்டு மாறினால் பாஷை மாறும். 'அதே மாடல்' என்ற நிபந்தனையைச் சின்ன எழுத்தில்கூடப் போடாத கேட்லாக்குகள் உண்டு. '6000 சுழற்சி' என்பதையும் இதே கண்ணோடு படியுங்கள். நாளுக்கு ஒன்று என்றால் பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 25 டிகிரியில், மெதுவான கரண்டில், கொள்ளளவு 80 அல்லது 70 சதவீதமாகக் குறையும் வரை என்பது அதன் முழு வாசகம். மே மாத மாடி அறையில் 25 டிகிரி எங்கே இருக்கிறது?

இதே ஊரில்தான் தும்பாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் லித்தியம் அயான் செல்லை உருவாக்கியது. 1.5 முதல் 100 ஏ.எச். வரையான செல்களின் தொழில்நுட்பத்தை ஒரு கோடி ரூபாய்க்குத் தொழிற்சாலைகளுக்குத் தர முன்வருவதாக 2018இல் இஸ்ரோ அறிவித்தது. விண்கலத்துக்குப் போகிற பேட்டரியில் கொள்ளளவும் தடையும் ஒத்துப்போகிற செல்களாகப் பொறுக்கித்தான் சேர்ப்பார்கள். ஒரே தொகுதியில் பிறந்த செல்களுக்கே இந்தப் பெண் பார்க்கும் படலம் என்றால், மருமகன் தந்த பெட்டிக்கு ஜாதகமாவது பார்க்க வேண்டாமா?

கரமனை வாசகிக்கு: வேண்டாம் அம்மா. பல ஸ்கூட்டர் பேட்டரிகள் என்.எம்.சி., அதாவது நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட், ரசாயனம். 14 செல் வரிசை என்றால் 51.8 வோல்ட், முழுச் சார்ஜில் 58.8. வீட்டு எல்.எஃப்.பி. 51.2, முழுச் சார்ஜில் 58.4. லேபிளைப் பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் முழுதாக ஏறி சார்ஜர் அணைந்த பின் எல்.எஃப்.பி. தானாகவே 54 பக்கம் இறங்கி ஓய்வெடுக்கும், என்.எம்.சி. 58லேயே நிற்கும். சார்ஜர் இல்லாமலே ஸ்கூட்டர் பேட்டரி வீட்டுப் பேட்டரிக்குச் சார்ஜராக மாறி, நிறைந்த குடத்தில் ஊற்றிக்கொண்டே இருக்கும். லோடு போட்டால் முதலில் ஸ்கூட்டர் பேட்டரி தனியாகச் சுமக்கும், 53 வோல்ட் பக்கம் வந்ததும் வீட்டுப் பேட்டரி சுமக்கும். இரண்டும் சேர்ந்து இழுக்கும் நேரம் கொஞ்சமே. ஸ்கூட்டர் பேட்டரி 13 செல் என்றால் இன்னும் மோசம். அதை 58.4இல் சார்ஜ் செய்தால் செல்லுக்கு 4.49 வோல்ட், 4.2தான் எல்லை. தீ அங்கிருந்துதான் வரும். 2022இல் ஸ்கூட்டர்கள் எரிந்ததையடுத்துக் கடுமையாக்கப்பட்ட ஏ.ஐ.எஸ். 156 விதி அந்தப் பேட்டரியை வண்டியில் ஓடுவதற்காகத்தான் சோதிக்கச் சொல்கிறது, உங்கள் வரவேற்பறைக்காக அல்ல.

மார்த்தாண்டத்துக்காரர் தொடர் இணைப்பில், அதாவது சீரிஸில், இருக்கிறார். அங்கே கணக்கு வேறு. பழைய பெட்டியில் 60 ஏ.எச். மிச்சம் என்றால் நான்கும் சேர்ந்து 60 மட்டுமே தரும். அது காலியாகி அதன் காவலாளி கேட்டைச் சாத்தும்போது, வரிசையின் 51 வோல்ட்டும் அந்த ஒரு சுவிட்சின் மேல் விழும். நான்கு செல்லுக்கான மலிவுப் போர்டுகள் பலவற்றில் 30, 40 வோல்ட் தாங்கும் சுவிட்ச்தான் இருக்கிறது. அது பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும். கேட் திறந்தபடியே மாட்டிக்கொள்ளும், காவலாளியும் இல்லை. கழற்றிவிடுங்கள், ஐயா.

சாலை வாசகருக்கு வழி உண்டு. ஒரே ரசாயனம், ஒரே செல் எண்ணிக்கை என்று முதலில் உறுதி செய்யுங்கள். இரண்டையும் தனித்தனியாக முழுதாக ஏற்றிய பிறகே இணையுங்கள். மல்ட்டி மீட்டரில் இரண்டும் ஒரே வோல்ட் காட்டுகிறதே என்று நம்பிவிடாதீர்கள். எல்.எஃப்.பி.யில் 80 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் இடையே செல்லுக்குப் பத்தில் ஒரு வோல்ட்கூட வித்தியாசம் வராது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி டி.சி. ஃபியூஸ், பஸ்பார் வரை ஒரே நீளத்தில் ஒரே தடிமனில் கேபிள். முக்கியமாக, இரண்டில் எது ஒன்று விலகினாலும் மற்றது தனியாகத் தாங்குகிற அளவுக்கு லோடைக் குறையுங்கள். 50 ஆம்பியர் பெட்டி தனியாக நின்றால் இரண்டரை கிலோவாட்டே அதன் உச்சம். இந்த எண்ணைக் கேட்டதும் பலருக்கு ஆர்வம் வடிந்துவிடுகிறது.

மற்றக் கடிதங்களுக்குச் சுருக்கமாக.

லெட் ஆசிட் பேட்டரியோடு லித்தியத்தைச் சேர்க்கலாமா? ஒரே பஸ்பாரில் வேண்டாம். தனி இன்வெர்ட்டர் வையுங்கள்.

டி.சி.-டி.சி. கன்வெர்ட்டர் வைத்தால்? வேறு வேறு வோல்ட்டுக்கு அதுதான் முறையான வழி. விலையைக் கேட்டால் புதுப் பேட்டரியே வாங்கலாம் என்று தோன்றும்.

பழைய செல்களைப் பிரித்துப் புதிதாகக் கட்டித் தருகிறார்களே? 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள்படி புதுப்பிப்பவர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், முகத்தைப் பாருங்கள்.

வாரண்டி? வேறு பிராண்டோடு சேர்த்த அன்றே போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாடிப்படிக்கு அடியில் வைக்கலாமா? கூடாது. இரவில் தீப்பிடித்தால் மேலே படுத்திருப்பவர்கள் இறங்க அந்தப் படி ஒன்றுதான் இருக்கிறது.