4 சபைகள்... 28 வருஷப் பேச்சுவார்த்தை... ஒரே திருச்சபை! சி.எஸ்.ஐ உருவானது எப்படி?

சென்னை கதீட்ரல் ரோடு வழியா போறவங்க செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலைப் பார்க்காம இருக்க முடியாது. 1947 செப்டம்பர் 27, அதாவது நாடு விடுதலையாகி 43-வது நாள். அந்த ஆலயத்தில்தான் 'தென்னிந்தியத் திருச்சபை' என்கிற சி.எஸ்.ஐ பிறந்தது. பேராயர்களை ஏற்கிற சபையும், பேராயரே வேண்டாம் என்ற சபைகளும் ஒன்றாக இணைந்தது உலகிலேயே அதுதான் முதல்முறை.

ஒரே சாமி, எதுக்கு இத்தனை சபை?

சிம்பிளா சொன்னா, ஊரை வைத்துத்தான் சபை. மிஷனரி அமைப்புகள் தங்களுக்குள் ஏரியா பிரித்துக்கொண்டு வேலை செய்தன. திருநெல்வேலியில் ஆங்கிலிகன், நாகர்கோவிலில் லண்டன் மிஷன், மதுரையில் அமெரிக்கன் மிஷன். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்த பழைய சண்டைகளால் பிரிந்த சபைகள், அந்தச் சண்டையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தமிழ்க் குடும்பங்களையும் பிரித்து வைத்தன.

இது வெறும் பெயர்ப்பலகை பிரச்னை இல்லை. பேராயரிடம் திடப்படுத்தல் பெற்றவர்களுக்கு மட்டுமே திருவிருந்து என்பது ஆங்கிலிகன் விதி. அதனால் நாகர்கோவில்காரர் பாளையங்கோட்டைக்குப் போனால், அதே பைபிள், அதே ஜெபம்... ஆனால் விதிப்படி அப்பமும் ரசமும் கிடையாது.

தரங்கம்பாடியில் என்ன நடந்தது?

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். அவர்களில் 31 பேர் இந்தியர்கள். முன்னால் நின்றவர், வெள்ளாளன்விளையில் பிறந்து, ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வி.எஸ்.அசரியா. 'எங்களைப் பிரித்த காரணங்கள் எங்களுடையவை அல்ல' என்பதுதான் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம்.

அப்புறம் ஏன் 28 வருஷம்?

சிக்கல் ஒரே கேள்வியில் இருந்தது: பேராயர் கை வைத்துக் குருப்பட்டம் தராத போதகர், முறையான போதகரா? 'மறுபடியும் பட்டம் வாங்குங்க' என்றால், இத்தனை வருட ஊழியம் செல்லாது என்று அர்த்தம். 'தேவையில்லை' என்றால் ஆங்கிலிகன் தரப்பு ஒத்துக்கொள்ளாது.

கடைசியில் ஒரு நடுவழி கிடைத்தது. ஏற்கெனவே போதகராக இருப்பவர்கள் அப்படியே தொடரலாம், இரண்டாவது பட்டம் வேண்டாம். இனி வருபவர்களுக்குப் பேராயர்கள்தான் பட்டம் தருவார்கள். 30 வருஷம் கழித்து நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கலாம். மனசாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ, போதகரையோ எந்தச் சபை மேலும் திணிக்கக் கூடாது.

இப்படித்தான் ஆங்கிலிகன், மெதடிஸ்ட் சபைகளும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908-லேயே சேர்ந்து உருவாக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாகின. அதைப் பார்க்க அசரியா உயிரோடு இல்லை; 1945 ஜனவரி 1 அன்றே அவர் காலமாகிவிட்டார்.

எல்லாரும் ஏத்துக்கிட்டாங்களா?

இல்லை. நந்தியால் பகுதி ஆங்கிலிகன்கள் பல வருஷம் வெளியிலேயே இருந்தார்கள். உலக ஆங்கிலிகன் சமூகமும் ஆரம்பத்தில் முழு அங்கீகாரம் தரவில்லை. இதில் இன்னொரு ட்விஸ்ட்: அறிக்கை பிறந்த தரங்கம்பாடியின் லுத்தரன் சபை இன்றுவரை சி.எஸ்.ஐ-யில் இல்லை!

இப்போ என்ன நிலை?

1970-ல் வட இந்தியத் திருச்சபை உருவாக சி.எஸ்.ஐ முன்னுதாரணமாக இருந்தது. ஆனால் ஐரோப்பாவில் தொடங்கிய பிரிவினையைத் தீர்த்த திருச்சபையால், உள்ளூர்ப் பிரிவினையான சாதியை இன்னும் முழுசா தீர்க்க முடியவில்லை. கல்யாணப் பேச்சிலும் சபைத் தேர்தல் ஓட்டிலும் அது இன்னும் தலைகாட்டுகிறது என்பதைத் திருச்சபைக்குள் இருப்பவர்களே சொல்கிறார்கள்.

'எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும்' என்ற இயேசுவின் ஜெபம்தான் சி.எஸ்.ஐ-யின் இலக்கு வாசகம். 1947-ல் போதகர்கள் ஒரே பீடத்துக்கு வந்துவிட்டார்கள். விசுவாசிகள் ஒரே பந்திக்கு வருவதுதான் பாக்கி.