ஆசா ராஜா செய்த தவறு என்ன?



"ஆசா ராஜா வைத்தியர்களைத் தேடினதினால்தானே மாண்டான்? அப்படியானால் விசுவாசிகள் மருந்து சாப்பிடலாமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. 2 நாளாகமம் 16ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். இதனால் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களும் இருப்பதால், அந்த ராஜாவின் சரித்திரத்தை நாம் முழுவதுமாய்ப் பார்ப்பது நல்லது.

சாலொமோனின் பேரனாகிய அபியாவின் மகன் ஆசா. எருசலேமில் 41 வருஷம் யூதாவை அரசாண்டான். அவனுடைய ஆரம்பம் நன்றாயிருந்தது. நாட்டிலிருந்த விக்கிரகங்களை அகற்றினான். விக்கிரகம் உண்டாக்கிய மாகாளை, சொந்தக் குடும்பத்தாள் என்றும் பாராமல், ராஜாத்தி ஸ்தானத்திலிருந்து விலக்கினான். எத்தியோப்பியனாகிய சேரா 10 லட்சம் சேவகரோடும் 300 இரதங்களோடும் வந்தபோது, கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டு ஜெயம் பெற்றான்.

36ஆம் வருஷத்தில் நிலைமை மாறியது. இஸ்ரவேலின் ராஜாவாகிய பாஷா, யூதாவின் போக்குவரத்தை அடைக்க ராமாவைக் கட்டினான். ஆசாவோ தேவாலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்து, தமஸ்குவிலிருந்த பெனாதாத்துக்கு அனுப்பி உதவி கேட்டான். தந்திரம் பலித்தது, பாஷா பின்வாங்கினான். ஆனால், கர்த்தரை விட்டு சீரியாவை நம்பினதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனாகிய அனானியைச் சிறையில் வைத்தான். ஜனங்களில் சிலரையும் ஒடுக்கினான்.

39ஆம் வருஷத்தில் அவன் கால்களில் கொடிய நோய் கண்டது. யுத்தத்தில் செய்ததையே வியாதியிலும் செய்தான். வைத்தியர்களிடம் போனான், கர்த்தரிடம் போகவில்லை. இரண்டு வருஷத்தில் மரித்தான்.

வேதம் குற்றமாகச் சொல்வது மருந்தை அல்ல, தேவனை ஒதுக்கிவைத்த இருதயத்தை. எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவான வியாதியில் கண்ணீரோடு ஜெபித்தான். ஜெபம் கேட்கப்பட்டது, ஆயினும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார். அவன் பிழைத்தான், இன்னும் 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. பவுலின் உடன்ஊழியரான லூக்காவும் ஒரு வைத்தியரே.

ஆகவே ஜெபத்தையும் மருந்தையும் நாம் எதிரெதிராக நிறுத்த வேண்டாம். உங்கள் சபையில் இந்த வசனத்தினால் தயங்கி நிற்கும் நோயாளி ஒருவர் இருந்தால், ஆசாவின் சரித்திரத்தை அவருக்கு முழுவதும் சொல்லுங்கள். அவரோடு ஜெபியுங்கள். தாமதியாமல் வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.