நாக்பூர் லைசென்சும் அரசியல் அறிவியல் துறையும்

சூலக்கரை, சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு ஆலை என்றதும் ‘எந்த லைசென்ஸ்?’ என்று கேட்பார்கள். டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று மூன்று வகை. கையாளும் வெடிமருந்தின் அளவுக்கேற்ப மாவட்ட நிர்வாகமோ, மத்திய வெடிபொருள் துறையின் சென்னை அலுவலகமோ, நாக்பூரில் உள்ள அதன் தலைமையகமோ உரிமம் தரும். தொழிலாளர் பாதுகாப்பைப் பார்ப்பதோ மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்புத் துறை. மத்திய, மாநில உறவு என்று பாடப்புத்தகம் அத்தியாயம் அத்தியாயமாக விளக்குவது இங்கே ஒரு லைசென்சின் பெயரிலேயே அடங்கிவிடுகிறது. நீதிமன்றமும் இதில் உண்டு. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2018-ல் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. இத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு லைசென்சின் கதை. ஆனால் பல்கலைக்கழக அரசியல் அறிவியல் துறையில் பொது நிர்வாகம் ஒருவருக்கு, நீதித்துறை இன்னொருவருக்கு, சாதியும் தேர்தலும் மூன்றாமவருக்கு. தனித்தனியாகப் பார்த்தால் ஆளுக்கொரு துண்டுதான் கிடைக்கும். ஒரு துறையின் பலத்தை அதன் சிறப்புப் பாடங்களின் பட்டியலில் தேடுவது வீண். எந்தக் கேள்விக்காக அந்த ஆசிரியர்கள் ஒரே மேசையில் உட்காருகிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

நல்ல ஆய்வு தனியாள் உழைப்பில்தானே வருகிறது என்று கேட்கலாம். இந்த மண்ணைப் பற்றியே ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் வெளியிட்ட நாடார் சமூக வரலாறு ஒருவர் எழுதிய நூல்தான். ஆனால் உறவின்முறை என்ற சமூகச் சங்கம், மகமை என்ற பொது நிதி, 1899 சிவகாசிக் கலவரம் ஆகியவற்றை ஆராய அந்த அரசியல் அறிஞருக்கு வரலாறும் மானுடவியலும் தேவைப்பட்டன. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே சிகாகோ பல்கலைக்கழகத்தின் லாயிட், சூசன் ருடால்ஃப் தம்பதி சேர்ந்து எழுதிய நூலும் நாடார்களின் எழுச்சியைப் பேசியிருந்தது. நூலின் அட்டையில் ஒரே பெயர் இருப்பதால் அதற்குள் ஒரே துறைதான் இருக்கிறது என்று ஆகிவிடாது.

கூட்டாக எழுதினால் யார் எவ்வளவு செய்தார் என்பது தெரியாது என்ற குறை நியாயமானதே. பெயரை மட்டும் ஒட்டிக்கொள்பவர்கள் எங்கும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் இதற்கு மதிப்பெண்ணில் வழி தேடின. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். அதற்கு மேல் போனால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்குத் தலா 30. ஆக, மூன்றாமவர் சேர்ந்த அன்றே இரண்டாமவரின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பட்டாசு லைசென்சின் கதையை முழுதாக எழுத மூன்று பேராவது வேண்டும்.